ஊட்டிக் குளிரில் ஒரு விரியன்!

குட்டீஸ், ஸ்வெட்டர், மஃப்ளர், காதை மூடும் குல்லா என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டும் ஊட்டியில் நமக்குப் பல் தந்தியடிக்கிறது. அதே ஊட்டியில், உடம்பில் ஒரு முழத் துணிகூட இல்லாமல் ஒரு விஷப்பாம்பு குடித்தனம் நடத்துகிறது என்றால் நம்புவீர்களா?

நாம் சாப்பிட்ட சாப்பாட்டை எரித்து, நம் உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும். அடுப்பு உள்ளேயே இருக்கிறது. பாம்புக்கு அந்த அடுப்பு கிடையாது. வெயில் அடித்தால் சூடு, வெயில் போனால் குளிர். அவ்வளவுதான்! மார்கழி, தை மாதங்களில் புல்வெளியெல்லாம் உறைபனியால் வெள்ளையாகிப் போகும் ஊரில் இப்படி ஒரு பிராணி எப்படிப் பிழைக்கிறது?

தெரிந்துகொள்ள, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுவோம், வாருங்கள். ஜன்னல் ஓர இடம் உங்களுக்குத்தான்!

ரயில் ஏறாத நால்வர்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 46 கிலோமீட்டர் தள்ளி ரயில் போய் நிற்கும் ஊட்டியின் உயரம் 2,200 மீட்டருக்கும் மேல். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.65 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக்கணக்கு. 19-ஆல் பெருக்கிப் பாருங்கள். கீழே இருப்பதைவிட மேலே ஏறக்குறைய 12 டிகிரி குறைவு!

மேட்டுப்பாளையத்தைச் சுற்றியுள்ள சமவெளியில் நான்கு பிரபல விஷப்பாம்புகள் உண்டு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடியால் ஏற்படும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நால்வரே காரணம். அதனால் டாக்டர்கள் இவர்களைப் 'பெரிய நான்கு' என்பார்கள். (கட்டு விரியன் பெயரில்தான் விரியன். உண்மையில் அவர் நல்ல பாம்பின் பங்காளி!)

ரயில் மலை ஏற ஏற, இந்த நால்வரும் ஒவ்வொருவராகப் பின்தங்கிவிடுகிறார்கள். நல்ல பாம்பும் கட்டு விரியனும் முட்டை போடுபவை. முட்டை பொரிய மண்ணில் நல்ல கதகதப்பு வேண்டும். சுருட்டை விரியனுக்கோ காய்ந்த வறண்ட பூமிதான் பிடிக்கும். நல்ல பாம்பு அவ்வப்போது மேலே தென்படுவதுண்டு. ஆனால், சமவெளியில் உள்ள செல்வாக்கு அதற்கு மலை உச்சியில் கிடையாது.

கல்லாறு தாண்டியதும் ரயில் பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறத் தொடங்கும். இருபுறமும் மூங்கில், பாக்கு, அடர்ந்த காடு. இங்கேதான் வேறொரு குடும்பம் ஆரம்பமாகிறது. அதன் பெயர் குழிவிரியன்.

முகத்தில் ஒரு குழி

அது என்ன குழி? பாம்பின் கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழிகள் இருக்கும். அவசரத்தில் பார்த்தால் இரண்டு ஜோடி மூக்கு இருப்பதுபோலத் தோன்றும். குழிக்குள்ளே நம் தலைமுடியைவிட மெல்லிய ஒரு சவ்வு. சவ்வு முழுவதும் நரம்பு நுனிகள். முன்னால் ஓர் எலி வந்தால், அதன் உடம்புச் சூடு இந்தச் சவ்வில் படும். வெப்பத்தில் 0.01 டிகிரி வித்தியாசத்தைக்கூட இது கண்டுபிடித்துவிடும். காய்ச்சலா என்று அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாரே, அவரால்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது சுவையான கதை. 1937-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்தக் குடும்பத்துப் பாம்புகளின் கண்களை மறைத்துவிட்டு, துணி சுற்றிய மின்சார பல்புகளை அவற்றின் முன்னால் கொண்டுபோனார்கள். சூடான பல்பைப் பாம்புகள் குறி தவறாமல் தாக்கின. குளிர்ந்த பல்பை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. கண் இல்லாமலேயே சூட்டைப் 'பார்க்க' முடிகிறது என்பது உறுதியாயிற்று.

அந்தக் குழிக்குள் சூட்டை உணர்வது எது? அதற்குப் பதில் கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடுகை மென்றால் மூக்கில் சுர்ரென்று ஏறுகிறதல்லவா? அதை நமக்குத் தெரிவிக்கிற ஒரு புரதம் நம் நரம்பு நுனிகளில் இருக்கிறது. அதே புரதம்தான் கொஞ்சம் மாறி, குழிவிரியனுக்கு வெப்பத்தைத் தெரிவிக்கிறது! அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு இதைக் கண்டுபிடித்தது. மிளகாய்க் காரத்தை வைத்து, நம் உடம்பு சூட்டை எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்தவரும் இதே ஜூலியஸ்தான். அதற்காக 2021-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கடுகு, மிளகாய், பாம்பு, நோபல் பரிசு! தாளிப்பு பலமாக இருக்கிறதல்லவா?

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். சித்திரை வெயிலில் சுட்டெரிக்கும் பாறை மேல் ஒரு எலி ஓடினால், பாறையும் சூடு, எலியும் சூடு. இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். மலையில், குளிர்ந்த இரவில், ஈர இலைகளுக்கு நடுவே ஓர் எலி வந்தால்? இருட்டில் டார்ச் அடித்ததுபோலப் 'பளிச்'சென்று தெரியும். குளிர் இங்கே பாம்புக்கு எதிரியல்ல, கூட்டாளி!

'தவளைக்கு உடம்பில் சூடே இல்லையே, அதை எப்படிப் பிடிக்கும்?' என்று கேட்கிறீர்களா? சபாஷ்! அதற்குத்தான் கண்ணும் நாக்கும் இருக்கின்றன. அசைவைக் கண் பார்க்கும். வாசனையை நாக்கு அள்ளிக்கொண்டு போய் வாய்க்குள் மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பிடம் கொடுக்கும்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும் ஒரு சிறிய குழிவிரியன், மலையின் கீழ்ப்பகுதிகளில் காய்ந்த சருகோடு சருகாகக் கிடக்கும். அதன் குட்டிக்கு வால் நுனி மட்டும் வெளுத்த நிறத்தில் இருக்கும். குட்டி அசையாமல் படுத்துக்கொண்டு, வால் நுனியை மட்டும் புழுப்போல நெளிக்கும். 'ஆஹா, புழு!' என்று ஆசையோடு வரும் தவளை, அன்றைய சாப்பாடாகிவிடும். தூண்டிலும் தானே, மீன்காரனும் தானே!

தேயிலைச் செடியில் பச்சைச் சட்டை

ரயில் குன்னூரை நெருங்குகிறது. மலைச் சரிவெல்லாம் தேயிலை. சோலைக் காடும் தேயிலைத் தோட்டமும் ஓடையும் சேருகிற இடங்களில் வாழ்வது மலபார் குழிவிரியன். பச்சை, மஞ்சள், பழுப்பு, செம்பழுப்பு என்று பல நிறங்களில் இருக்கும். எல்லாம் ஒரே இனம்தான், சட்டைதான் வேறு! ஒரு மீட்டருக்கு மேல் வளர்வது அபூர்வம். தாமஸ் ஜெர்டன் என்ற ராணுவ டாக்டர் 1854-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, பறவை, பாம்பு, எறும்பு என்று எதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

இந்தப் பாம்பின் பெரிய திறமை என்ன தெரியுமா? சும்மா இருப்பது! கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு, தலையைச் சற்றே தூக்கி வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும். இரை தேடி அலையாது. இரை அதைத் தேடி வர வேண்டும்! சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே அடுப்பு இல்லாததால் அதற்குச் சாப்பாட்டுச் செலவும் மிகக் குறைவு. ஒரு எலியை விழுங்கிவிட்டால் வாரக்கணக்கில் ஓட்டிவிடும். நாம் ஒரு நாள் இட்லி இல்லாவிட்டால் என்ன பாடு படுத்துகிறோம்!

சும்மா இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிரில் பாம்பின் தசைகள் மெதுவாகத்தான் வேலை செய்யும். சாரைப்பாம்புபோலச் சரசரவென்று ஓடித் தப்பிக்க இதனால் முடியாது. ஆகவே ஆள் வந்தாலும் ஓடாமல், இலையோடு இலையாக ஒளிந்துகொள்கிறது. பருந்திடமிருந்து தப்ப இது அருமையான வழி.

ஆனால் கொழுந்து பறிக்கும் அம்மாவின் கை வரும்போது? அங்கேதான் வம்பு. அவர் கண் 'இரண்டு இலை ஒரு கொழுந்தை'த் தேடுகிறது. விரல்கள் வேகமாக ஓடுகின்றன. பாம்போ பச்சை இலைக்குள் பச்சையாக இருக்கிறது. அது ஓடவும் இல்லை, சீறவும் இல்லை. கவாத்து வெட்டும்போதும், செடிக்கு அடியில் களை எடுக்கும்போதும் ஆபத்து இன்னும் அதிகம். கையோ காலோ அதன்மேல் பட்டுவிட்டால் கடித்துவிடும். நம்மைச் சாப்பிடுவதற்காக அல்ல. இவ்வளவு பெரிய உருவத்தை அது விழுங்கவா முடியும்? விஷம் அதற்கு எலி பிடிக்கும் கருவி. அதை நம்மேல் செலவழித்தால் நஷ்டம் அதற்குத்தான். ஆனாலும் மிதிபட்டால் என்ன செய்யும், பாவம்!

விரியன்களின் பல் அமைப்பும் தனி. மேல்தாடையின் முன்பக்கத்தில் நீளமான, ஊசிபோல உள்ளே துளையுள்ள இரண்டு விஷப்பற்கள். வாயை மூடியிருக்கும்போது மடக்குக்கத்திபோலப் பின்னால் மடங்கியிருக்கும். வாயைத் திறந்ததும் நிமிர்ந்து நிற்கும். ஒடிந்து போனாலும் கவலையில்லை. பின்னாலேயே புதுப்பல் தயாராக இருக்கும். நமக்குப் பால்பல் விழுந்தால் ஒரே ஒரு முறைதான் புதுப்பல். அதற்கு ஆயுள் முழுவதும்!

உச்சியில் ஒரு லாடம்

குன்னூரைத் தாண்டி, வெலிங்டன், லவ்டேல் எல்லாம் கடந்து ஊட்டிக்கு வந்தாயிற்று. முதலில் கேட்ட கேள்வியின் நாயகன் இங்கேதான் இருக்கிறான். பழுப்பு நிறம். அரை மீட்டர்கூட இருக்காது. பிடரியில் வெளிர்நிறத்தில் குதிரை லாடம்போல ஓர் அடையாளம். அதனால் இவனை லாடக் குழிவிரியன் என்று கூப்பிடுவோம். லண்டனில் இருந்த பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜான் எட்வர்ட் கிரே 1842-இல் பெயர் சூட்டியது. நீலகிரி போன்ற தென்னிந்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பாம்பு கிடையாது. அமேசான் காட்டுக்குப் போனாலும் பார்க்க முடியாது!

மரம் ஏறுவதில் இதற்கு ஆசையில்லை. புல்வெளியும் கல்லும்தான் வீடு. இரவில் உறைபனி விழும்போது கல்லுக்கு அடியிலோ புல் புதருக்குள்ளோ வளைக்குள்ளோ பதுங்கிக்கொள்ளும். காற்று உறைந்தாலும் மண்ணுக்குள் அவ்வளவு குளிர் இறங்காது. காலையில் வெயில் வந்ததும் வெளியே வந்து கல்லின் மேல் படுத்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும்.

முட்டை விஷயத்தில் என்ன செய்கிறது? குளிர்ந்த மண்ணில் முட்டையிட்டால் பொரிப்பது கஷ்டமாயிற்றே! இது முட்டையே இடுவதில்லை. முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கடைசியில் குட்டிகளாகப் போடுகிறது. தாய் வெயில் காயும்போது, வயிற்றில் உள்ள குட்டிகளும் வெயில் காய்கின்றன. வெயில் நகர்ந்தால் தாயும் நகரும். தொட்டிலையே வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது போலத்தான்! ஆனால் ஒன்று: குளிருக்காகவே இந்தப் பழக்கம் வந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வெயில் கொளுத்தும் சமவெளியில் வாழும் கண்ணாடி விரியனும் குட்டிதான் போடுகிறது. குடும்பச் சொத்தாக வந்த பழக்கம், மலையில் ரொம்பவே கைகொடுத்தது என்று சொல்லலாம்.

வெயில் காய இடம் வேண்டும் என்பதால்தான் இந்தப் பாம்புக்குத் திறந்த புல்வெளி முக்கியம். வெள்ளைக்காரர்கள் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவந்த சீகை மரங்களும் பைன் மரங்களும் பல புல்வெளிகளை மூடிவிட்டன. மர நிழல் நமக்குச் சுகம். ஆனால் கல் மேல் வெயில் விழாவிட்டால் லாடக் குழிவிரியன் எங்கே போவான்? முக்கூர்த்தி தேசியப் பூங்கா போன்ற இடங்களில் மிஞ்சியுள்ள புல்வெளிகள்தான் அவனுக்குக் கதி.

ஊட்டியில் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் மண்ணைக் கொத்தினால் இன்னொரு பாம்பும் வரும். பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன், வழவழப்பான உடம்பு, மழுங்கிய வால். பார்த்ததும் 'ஐயோ, விரியன் குட்டி!' என்று அடித்துவிடுகிறார்கள். அது மண்புழு தின்னும் மண் பாம்பு. விஷம் துளிகூட இல்லை. கையில் எடுத்தால்கூடக் கடிக்கத் தெரியாது. (அதற்காக நீங்கள் எடுத்துப் பார்க்காதீர்கள். எது எது என்று பிரித்துச் சொல்லப் பெரியவர்களுக்கே தெரிவதில்லை.) இந்தக் குடும்பமும் இந்தியாவின் தென்பகுதி, இலங்கை தவிர வேறெங்கும் இல்லை. குழிவிரியனுக்குப் பயந்து நாம் கொல்வது பெரும்பாலும் இந்த அப்பாவிகளைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருந்தில் இல்லாத ஐந்தாவது ஆள்

சரி, குழிவிரியன் கடித்துவிட்டால்? பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது பிறக்கும் இடம் நம் தமிழ்நாடுதான்! மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் உருவானது. இருளர்கள் பாம்பைப் பிடித்து வந்து, பானைகளில் வைத்து, சில முறை விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தை மருந்துக் கம்பெனிகள் வாங்கி, மிக மிகக் குறைந்த அளவில் குதிரைகளுக்கு ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தம் விஷத்தை எதிர்க்கும் பொருளை உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்தால் விஷமுறிவு மருந்து ரெடி. இந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால் அந்த மருந்தில் சேர்வது யார் யாருடைய விஷம்? மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறாமல் நின்றுவிட்டார்களே, அந்த நால்வருடையது மட்டும்! குழிவிரியன் விஷம் அதில் இல்லை. பூட்டு ஒன்று, சாவி வேறு.

இது விளையாட்டு விஷயமல்ல. மூக்குத் தூக்கிய குழிவிரியன் என்று சொன்னோமே, அது கடித்தால் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் கெடலாம், உயிரே போகலாம். கேரளத்தில் அது கடித்தவர்களை, சுருட்டை விரியன் கடித்ததாக நினைத்து, விஷமுறிவு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பலன் இல்லை. கடித்த பாம்பு உண்மையில் எது என்பதை டாக்டர்கள் 2007-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதிய பிறகே விஷயம் வெளியே தெரிந்தது. இந்தப் பாம்பின் விஷத்தைத் தாய்லாந்தில் தயாராகும் ஒரு மருந்து முறிக்கிறது என்று 2011-இல் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள். அங்கே உள்ள வேறொரு குழிவிரியனுக்காகச் செய்த மருந்து அது. உறவுக்காரப் பாம்பு என்பதால் சாவி ஓரளவு பொருந்துகிறது!

மலபார் குழிவிரியன் இவ்வளவு கொடியதல்ல. கடித்த இடம் பொறுக்க முடியாமல் வலிக்கும், நன்றாக வீங்கும். பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் எந்தப் பாம்பு கடித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். தனி மருந்து இல்லாவிட்டாலும், ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கண்காணித்துக் காப்பாற்ற டாக்டர்களுக்கு வழிகள் உண்டு. அங்கே ஓர் எளிய சோதனை செய்வார்கள். கொஞ்சம் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். கெட்டியாகியிருந்தால் அப்போதைக்கு நல்லது. தண்ணீர்போல ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள்.

போகும் வழியில் செய்யக்கூடாதவை நிறைய. கத்தியால் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. குழிவிரியன் கடியில் வீக்கம் அதிகம் என்பதால், இறுக்கிக் கட்டினால் கையோ காலோ கெட்டுப்போகும். வளையல், மோதிரம், கொலுசு, செருப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிட வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ ஒரு கட்டையோடு சேர்த்து, அசையாமல் லேசாகத் துணி சுற்றி, 108-க்குப் போன் செய்ய வேண்டும். பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. இரண்டாவது ஆளும் கடிபடுவதுதான் மிச்சம்!

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. எந்த ஊரில் எந்தப் பாம்பு எத்தனை பேரைக் கடிக்கிறது என்ற சரியான கணக்கு நீண்ட காலமாக இல்லை. கணக்கு இல்லாவிட்டால் குழிவிரியனுக்கு மருந்து வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது? 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, பாம்புக்கடி என்று ஒருவர் வந்தால் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். கூடலூர் எஸ்டேட்டில் களை எடுக்கும்போது குழிவிரியன் கடித்த ஒரு அம்மாவும், இனி அந்தக் கணக்கில் ஒருவர்.